20 லைஃபை எதில் வைப்பது? டைஸ், டயல், ஆப், காகிதம்: ஓர் அலசல்

மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் ஆளுக்கு 20 லைஃப், அதாவது உயிர்ப் புள்ளி. அது தீர்ந்தால் தோல்வி. கமாண்டர் வகை என்றால் 40. அதைக் கூட்டிக் கழிப்பது மூன்றாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் பாண்டி மொட்டை மாடியில் ஆடினாலும் சரி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் யார் வீட்டு ஹாலில் ஆடினாலும் சரி, "நீ பதினொண்ணுதானே?", "இல்லடா, பதினாலு" என்று ஒருமுறையாவது ஆட்டம் நிற்கும். கழிக்கத் தெரியாமல் யாரும் சண்டை போடுவதில்லை. எந்த அடியில் எவ்வளவு போனது என்பது எங்கேயும் பதிவாகாததால்தான் சண்டை. கையிலுள்ள கருவி இப்போதைய எண்ணைக் காட்டினால் மட்டும் போதாது, அந்த எண் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் நிறையப் பேர் ஆசையாக வைத்திருக்கும் கருவிகள் பின்னுக்குப் போய்விடும்.

ஸ்பின்டவுனில் தொடங்கலாம். கார்டு பெட்டிகளோடு வரும் 20 முக டைஸ் இது. இதில் எண்கள் வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து முகங்களில் இருக்கும். 20க்கு அடுத்த முகத்தில் 19, அதற்கடுத்து 18. அதனால் ஒரு முகம் சாய்த்தால் ஒரு லைஃப் குறையும். சாதாரண 20 முக டைஸில் அப்படி இல்லை. 20ஐச் சுற்றி 2, 8, 14 இருக்கும். 19ஐத் தேடி டைஸையே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், அதற்குள் முன்பு என்ன எண் இருந்தது என்பதே மறந்துபோகும். ஆகவே லைஃபுக்கு ஸ்பின்டவுன்தான். உருட்டிப் பார்த்து யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்ய மட்டும் அதை எடுக்காதீர்கள். பெரிய எண்களெல்லாம் ஒரே பக்கம் குவிந்திருப்பதால் கை பழகியவர் வேண்டிய பக்கம் விழவைக்க முடியும்.

வேகத்தில் ஸ்பின்டவுனை மிஞ்ச எதுவும் இல்லை. கெடுவதிலும் அதே வேகம். கார்டு எடுக்க நீளும் முழங்கை, கலைக்கும்போது சரியும் டெக் (கார்டு அடுக்கு), டீ கிளாஸை வைக்கும் கை, ஏதாவது ஒன்று தட்டினால் போதும். உருண்டு நின்ற எண்ணைப் பார்த்தால் அதுவும் நம்பும்படியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. 13 இருந்த இடத்தில் 12 இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கோரைப்பாயில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பாயின் வரிகளில் டைஸ் சமமாக உட்காராமல் சாய்ந்து நிற்கும், எந்த முகம் மேல்முகம் என்பதே வாதமாகும். ரப்பர் அடிப்பாகம் உள்ள பிளே மேட் இதைக் கொஞ்சம் அடக்கும். மேஜிக்கின் போட்டி விதிகளே, காம்பெட்டிட்டிவ் என்ற கண்டிப்பான போட்டி நிலையிலிருந்து டைஸை ஒதுக்கிவிட்டன. தெரியாமல் கை பட்டால் மாறிவிடக்கூடிய எதிலும் லைஃபை வைக்கக் கூடாது என்பது விதி. வீட்டு ஆட்டத்துக்கு அந்த விதி கட்டாயமில்லை, ஆனால் காரணம் அங்கேயும் அதேதான்.

10 முக டைஸ் இரண்டை வைத்து, ஒன்றில் பத்துகள், இன்னொன்றில் ஒன்றுகள் என்று காட்டுவார்கள். 20க்கு மேலே போகும் ஆட்டத்துக்கு இது உதவும். ஆனால் பத்தைத் தாண்டும்போதுதான் சிக்கல். 20லிருந்து 19க்கு வர இரண்டு டைஸையும் மாற்ற வேண்டும். அவசரத்தில் ஒன்றுகளை மட்டும் மாற்றினால் 29 நிற்கும். ஒரே நிறத்தில் இரண்டையும் வைத்திருந்தால் 17க்கும் 71க்கும் வித்தியாசம் உட்கார்ந்திருக்கும் திசையில்தான். நிறம் மாற்றி வாங்குங்கள்.

டயலுக்கும் இதே நோய். இரண்டு சக்கரம் வைத்த அட்டை டயலோ பிளாஸ்டிக் டயலோ, இடறுகிற இடம் அந்தப் பத்தின் வாசல்படிதான். டயல் டைஸைப் போல உருளாது, அது ஒரு பெரிய நன்மை. ஆனால் நடுவிலுள்ள ரிவெட் தளர்ந்துவிட்டால் தூக்கும்போதே சக்கரம் சுழலும். அட்டை டயலை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வெளியே வைத்தால் ஈரம் ஏறி அடுக்கு பிரிந்து, திருப்பினால் திரும்பாது. இன்னொரு குறை, பலரும் கவனிக்காதது: டயலில் 0க்குக் கீழே எண் கிடையாது. உங்களிடம் 3 லைஃப் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே தாக்குதலில் உங்களுக்கு 4 டேமேஜ், உங்கள் லைஃப்லிங்க் உயிரி (தான் கொடுக்கும் அடி அளவுக்கு உங்கள் லைஃபைக் கூட்டும் கார்டு) வழியாக உங்களுக்கு 3 லைஃப். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் 3 - 4 + 3, அதாவது 2 லைஃபோடு பிழைத்தீர்கள். தோற்றாரா என்று ஆட்டம் சோதிப்பது இரண்டும் முடிந்த பிறகுதான். டயலில் முதலில் குறைத்தால் 0வில் முட்டி நிற்கும். பிறகு 3 ஏற்றினால் 3 காட்டும். ஒரு லைஃப் ஓசியில் வந்துவிட்டது. எதிராளியோ, "ஜீரோ ஆயிடுச்சு, முடிஞ்சுது" என்பார். லைஃப்லிங்க் உள்ள டெக்கோடு டயல் வைத்தால் கூட்டலை முதலில் செய்து, கழித்தலைப் பிறகு செய்யுங்கள்.

வீட்டில் கேரம் போர்டு இருந்தால் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேரம் காய் 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு. ஆளுக்கு 4 வெள்ளை, 4 கறுப்பு. வெள்ளைக்கு 5, கறுப்புக்கு 1. நாலு வெள்ளையை வைத்தால் 20. ஓர் அடி வாங்கினால் ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு நாலு கறுப்பை வைத்தால் 19. இப்படி 24 வரை காட்டலாம். தட்டினாலும் காய் நகருமே தவிர மதிப்பு மாறாது, தட்டையாக இருப்பதால் உருண்டு ஓடாது. காற்றுக்கும் அசையாது. புளியங்கொட்டையில் 20 எண்ணி வைப்பவர்களும் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டும், எதிரே இருப்பவருக்கு ஒரு பார்வையில் தெரியாது. கேரம் காயின் குறை, பழைய எண் அதிலும் இல்லை என்பதுதான்.

ஆப் பக்கம் வருவோம். மேசை நடுவில் போனைப் படுக்க வைத்தால் திரை இரண்டாகப் பிரிந்து, எதிராளிக்கான பாதி தலைகீழாகத் தெரியும். தட்டினால் ஏறும், தட்டினால் இறங்கும். நல்ல ஆப்களில் வரலாறும் உண்டு: 20, 17, 15, 16 என்று மாற்றங்கள் வரிசையாக நிற்கும். அடுத்தடுத்துத் தட்டியதைச் சேர்த்து ஒரே மாற்றமாகக் காட்டும் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தட்டலையும் தனி வரியாகப் போடும் ஆப்பில் 5 டேமேஜ் ஐந்து வரியாகிவிடும். பிறகு எது எந்த அடி என்று யாரும் பிரித்துப் படிக்க முடியாது.

ஆட்டம் தொடங்கும் முன் போனில் நாலு வேலை: திரை அணையும் நேரத்தை நீட்டுவது, தானாக வெளிச்சம் மாறுவதை நிறுத்துவது, ஏரோபிளேன் மோடில் போடுவது, சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவதைத் தவறவிட்டால், வரும் அழைப்பை எடுக்கப் போய் வேறு யாரோ லைஃபைத் தட்டிவிடுவார்கள். நம்ம ஊர் வியர்வைக்கு ஆப் சரியான ஜோடி இல்லை. சித்திரை, வைகாசியில் ஈர விரல் பட்டால் திரை ஒரு தட்டலை இரண்டாக எடுக்கும், சில நேரம் எடுக்கவே எடுக்காது. மாலை நாலு மணி வெயிலில் மாடியில் திரை கறுப்புக் கண்ணாடிதான், எண் தெரியாது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் போனைப் படுக்க வைப்பது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கரண்ட் போன இரவில் தானே வெளிச்சமும் தந்து எண்ணும் காட்டும் ஒரே கருவி இதுதான், அந்தப் புகழைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆப் வரலாற்றிலும் ஓர் ஓட்டை உண்டு. எவ்வளவு என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. 17லிருந்து 15 ஆனது எதிராளியின் அடியாலா, நீங்கள் ஷாக் லேண்டு என்ற நிலக் கார்டுக்குக் கொடுத்த 2 லைஃபாலா? அங்கேதான் காகிதம் ஜெயிக்கிறது.

காகிதம் என்றால் கிடைத்த பில்லின் பின்பக்கம் இல்லை. பெட்டிக்கடையில் கிடைக்கும் கையகலக் குட்டி நோட்டு, பால் பாயின்ட் பேனா. ஜெல் பேனா வேண்டாம், கடல் காற்றில் நமுத்த தாளில் மை பரவும், உள்ளங்கை பட்டால் இழுபடும். பென்சில் வேண்டாம், அழிக்க முடிகிற எதுவும் சாட்சி ஆகாது. ஆசிரமத்துக் கைக்காகிதம் பார்க்க அழகு, ஆனால் சொரசொரப்பில் பேனா முனை சிக்கும், அதைக் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் எதிராளி. இருவரும் இருவருடைய எண்ணையும் எழுத வேண்டும், இதில் சமரசம் இல்லை. தலையில் 20. மாற்றம் வரும்போது பழைய எண்ணை அடிக்காமல் அதன் கீழே புது மொத்தத்தை எழுதுங்கள். 'மூன்று போனது' என்று கழித்த எண்ணை மட்டும் எழுதுகிறவர்கள் கடைசியில் கூட்டும்போது மாட்டுவார்கள். மொத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து: தாக்குதலுக்கு 'தா', மந்திர அடிக்கு 'ம', லேண்டுக்குக் கொடுத்ததற்கு 'லே', கூடினால் ஒரு '+'. உங்கள் முறை முடிந்ததும் ஒரு சின்னப் படுக்கைக் கோடு. எழுதும்போதே வாயால் சொல்லுங்கள்: "நான் பதினேழு." எதிராளி தன் தாளைப் பார்த்து, "சரி, பதினேழு" என்று சொன்ன பிறகு அடுத்த கார்டு. போட்டி விதியும் புது மொத்தத்தை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது.

இப்போது தகராறு வந்தால் என்ன செய்வது என்று பாருங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். 20, 18 லே, 15 தா, இதுவரை இரண்டும் ஒன்று. அடுத்து ஒன்றில் 14 லே இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. கிடைத்துவிட்டது. ஃபெட்ச் லேண்டுக்குக் (வேறு லேண்டைத் தேடி எடுக்கும் நிலக் கார்டு) கொடுத்த 1 லைஃபை ஒருவர் எழுத மறந்திருக்கிறார், அந்த லேண்டும் கிரேவ்யார்டில், அதாவது பயன்படுத்தி முடித்த கார்டுகளின் குவியலில், கிடக்கிறது. டைஸில் இதே தகராறு வந்தால் யார் குரல் பெரிது என்பதில்தான் முடியும்.

காகிதத்தின் குறைகள் நேரமும் காற்றும். ஒவ்வொரு அடிக்கும் பேனா எடுப்பதால் ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு கடலோரச் சுவரில் உட்கார்ந்து ஆடினால் பக்கம் தானாகப் புரளும், மேல் ஓரத்தில் ஒரு கிளிப் போடுங்கள். சிலர் வெள்ளைத் தாளை ஸ்லீவில் (கார்டு உறை) நுழைத்து ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிப்பார்கள். கை பட்டாலே அழிகிற ஒன்றைக் கணக்குக்கு வைப்பது வீண்.

இருவர் ஆட்டத்துக்கு எங்கள் தீர்ப்பு: காகிதம் கட்டாயம், கண்ணுக்கு எட்டுவதற்கு வேண்டுமானால் ஸ்பின்டவுன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காகிதம் சொல்வதே சரி என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கமாண்டரில் நிலைமை வேறு. நாலு பேர், ஆளுக்கு 40. ஒவ்வொருவர் டெக்குக்கும் தலைமை தாங்கும் கார்டுதான் கமாண்டர். ஒரே கமாண்டரிடமிருந்து 21 காம்பாட் டேமேஜ் (தாக்குதலில் விழும் அடி) வாங்கினால் லைஃப் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. எனவே ஒவ்வொருவரும் மற்ற மூவரின் கமாண்டரிடமிருந்து வாங்கியதைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும்: 4 பேருக்கு 12 எண்கள். லைஃப் 4, விஷக் கவுன்ட்டர் 4. மொத்தம் 20 எண்களை மேசையில் வைத்திருக்க வேண்டும். இதை டைஸில் செய்யப் போனால் கார்டு வைக்க இடம் இருக்காது. இங்கே ஆப்புக்குத்தான் முதலிடம், கமாண்டர் டேமேஜுக்குத் தனிக் கட்டம் உள்ள ஆப்பாக இருந்தால். அந்த அடியை அதற்கான கட்டத்தில் போட்டதும் லைஃபும் தானாகக் குறைகிறதா என்று முதல் அடியிலேயே சோதியுங்கள். சிலவற்றில் குறையும், சிலவற்றில் கையால் குறைக்க வேண்டும். தெரியாமல் ஆடினால் ஒரே அடி இருமுறை கழியும், அல்லது லைஃபில் கழியவே கழியாது. கமாண்டர் வேறு திறனால் சுட்ட அடி இந்த 21ல் சேராது, தாக்குதலில் கொடுத்த அடி மட்டும்தான்.

விஷத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. இன்ஃபெக்ட் என்ற திறன் உள்ள உயிரி உங்களை அடித்தால் லைஃப் குறையாது, அதே அளவு விஷக் கவுன்ட்டர் ஏறும். டாக்ஸிக் என்ற திறன் என்றால் காம்பாட் டேமேஜில் லைஃபும் குறையும், விஷமும் ஏறும். 10 விஷம் சேர்ந்தால் தோல்வி, கமாண்டரிலும் அதே 10தான், 40 லைஃபுக்கு ஏற்ப அது கூடுவதில்லை. விஷத்தை லைஃப் காட்டும் அதே வகை டைஸில் வைக்காதீர்கள். மூன்று சுற்று கழித்து எந்த டைஸ் எதற்கு என்று கேள்வி வரும்.

இன்னொரு கார்டு ஆட்டமான யூ-கி-ஓவில் டைஸ் பேச்சுக்கே இடமில்லை. 8000 லைஃபில் தொடங்கி 2450 போனால் 5550, அதில் பாதியைக் கொடுக்கச் சொல்லும் கார்டு வந்தால் 2775. கால்குலேட்டரில் போட்டு, வந்த மொத்தத்தைத் தாளில் எழுதுங்கள். கால்குலேட்டரை மட்டும் நம்பினால் ஒரு விரல் தவறி அழிக்கும் பொத்தானில் பட்டதும் எல்லாம் போய்விடும்.

போகிமான் கார்டு ஆட்டத்தில் எண்ண வேண்டியது ஆட்டக்காரரின் லைஃப் அல்ல, ஒவ்வொரு போகிமான் மேலும் உள்ள டேமேஜ். வெற்றிக் கணக்கை 6 பிரைஸ் கார்டுகளே (எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் எடுக்கும் கார்டுகள்) காட்டிவிடும். டேமேஜுக்கு 6 முக டைஸ் போதும், ஒரு புள்ளிக்கு 10. பிழை வருவது கார்டை நகர்த்தும்போது. பெஞ்சுக்கு, அதாவது காத்திருக்கும் வரிசைக்கு, போனாலும் டேமேஜ் அப்படியே இருக்கும், பரிணமித்தாலும் இருக்கும். ஆனால் புதுக் கார்டை மேலே வைக்க டைஸைத் தூக்கி, திரும்ப வைக்கும்போது வேறு முகம் மேலே வந்துவிடும். தூக்கும் முன் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், "எண்பது, மேலே வைக்கிறேன்" என்று. வைத்த பிறகு எதிராளி ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.