கொக்குவிலில் ஒரு கராஜ்: வேலையும் வேலையாட்களும்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் சந்திக்கு அண்மையில், காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் இருக்கும் மோட்டார் சைக்கிள் கராஜுக்கு இந்த ஆண்டில் இரண்டு தடவைகள் போயிருக்கிறேன். வாசலில் “வேலைக்கு ஆள் தேவை, அனுபவம் கட்டாயமில்லை” என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையைக் கண்டு, முதல் நாள் ஸ்கூட்டரை உள்ளே விடத் தயங்கினேன்.

கால் மணித்தியாலம் ஓடியதும் வண்டி நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஸ்ராட் ஆகும். முன்னர் காட்டிய வேறோர் இடத்தில் பிளக்கையும் பெற்றோல் பம்பையும் மாற்றிப் பணம் வாங்கினார்களேயன்றி, குறை தீரவில்லை. இங்கே ஓர் இளைஞர் ஸ்கானரைப் பொருத்தினார். அது எந்தப் பிழையையும் காட்டவில்லை. உடனே அவர், “ஐயா, ஒருக்கா வந்து பாருங்கோ” என்று உள்ளே குரல் கொடுத்தார். வந்தவர் அறுபதைக் கடந்த மெக்கானிக். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, தொடக்கத்துக்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். வண்டி நிற்கும்வரை ஒழுங்கையில் ஓட்டச் சொன்னார்; நின்றதும் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியிலிருந்த காற்றுத் துளை தூசியால் அடைபட்டிருந்ததே காரணம். மெல்லிய கம்பியால் குத்தி ஊதியதோடு வேலை முடிந்தது; புதிய உதிரிப்பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

இதை வைத்து அனுபவமே பெரிது என்று எழுதியிருப்பேன். ஆனால் அடுத்த முறை பற்றரி இறங்கிக்கொண்டே போனபோது, அதை மாற்றிவிடலாம் என்றவர் அதே ஐயாதான். இளைஞர் மீற்றரை வைத்து அளந்து, வண்டியில் பிற்பாடு பொருத்திய அலாரமே மின்னை இழுக்கிறது என்று காட்டினார். ஐயா முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

ஆட்களை எப்படித் தெரிவு செய்கிறீர்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். பழுதான வண்டியொன்றைக் காட்டி, வந்தவர் முதலில் என்ன கேள்வி கேட்கிறார் என்று பார்ப்பாராம். இளைஞரிடம் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழ் உண்டு. வகுப்புக்குப் போகாத ஐயாவும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் செய்முறைத் திறனைக் காட்டி அதே சான்றிதழைப் பெற்றிருக்கிறார். தொடக்க நிலை வேலைக்கே ஐந்தாண்டு அனுபவம் கேட்கும் நம்மூர் முதலாளிமார் இதைக் கவனிக்கலாம்.

குறையென்றால், காத்திருப்போருக்கு ஒரு வாங்குகூட இல்லை. ஐயா வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. பிடிபடாத பழுதென்றால் அன்று கொண்டுபோக வேண்டாம்.