குர்சுராவுக்குள் இரண்டு முறை

விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் இருக்கும் குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறையைக் கணக்கில் சேர்க்க முடியாது. நாங்கள் பணம் கட்டியிருந்த சுற்றுலா வண்டிக்காரர்கள் சிம்மாசலம், கைலாசகிரி, கடற்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்துவிட்டு நீர்மூழ்கிக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். முன்னே போனவரின் முதுகைப் பார்த்தபடி உள்ளே நுழைந்து, பின்னே வந்தவரின் பை இடிக்க இடிக்க வெளியே வந்தேன். இறங்குவதற்குள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் மனைவியை அழைத்துக்கொண்டு ஆட்டோவில் மறுபடி போனேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த இரண்டாம் நாள் பார்த்தது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் டீசல் எஞ்சின் ஃபிட்டராக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் கண் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள். 91 மீட்டர் நீளம். நீருக்கு மேலே மிதக்கும்போது ஏறக்குறைய 1,950 டன். 1969 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தின் ரீகாவில் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் ரோந்து போய், 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் ஓடிவிட்டு, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்ற கப்பல். இத்தனை தூரம் ஓடியதற்குக் கடைசி 600 மீட்டர்தான் பெரும்பாடாகிவிட்டது. தண்ணீரிலிருந்து இழுத்து மணலைத் தாண்டி இந்த மேடையில் ஏற்றி முடிக்க 18 மாதமும் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆனதாம். எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பணிமனைக்கு வரும் ஆல்கோ டீசல் ரயில் எஞ்சின் 112 டன். அது ஒன்று தடம் புரண்டால், தூக்கி வைப்பதற்குள் எங்களுக்கு விடிந்துவிடும். இது பதினேழு ஆல்கோ எடை, அதுவும் ஒரே துண்டாக. கீழே தாங்கியிருக்கும் கான்கிரீட் மேடையை ஒருவரும் படம் எடுப்பதில்லை. நான் நாலு படம் எடுத்தேன்.

உள்ளே போனதும் முன்பக்க டார்பீடோ அறை. டார்பீடோ என்றால் நீருக்கடியில் ஓடிப்போய் எதிரிக் கப்பலைத் தாக்கும் குண்டு. ஆறு குழாய்கள், பித்தளையும் இரும்புமாக. டார்பீடோக்களை அடுக்கும் இடத்திலேயே மாலுமிகளின் படுக்கைகளும் இருக்கின்றன. 75 பேர் வாழ்ந்த கப்பல் இது. அங்கங்கே மாலுமி உடுப்பு மாட்டிய பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அவை இல்லாமல் இருந்தால் அந்த இடம் இன்னும் பேசியிருக்கும் என்று தோன்றியது. வழிகாட்டிகள் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு அவர்களுக்காகவே தகும். எங்களுக்கு வாய்த்தவர் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசினார், மீதியைக் கை பேசியது. ஒரு வால்வைக் காட்டும்போது அவர் விரல் தானாகவே அதைத் திருப்பும் பக்கமாக வளைந்தது. வேலை தெரிந்தவனுக்குத்தான் அப்படி வளையும்.

ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் வட்ட வாசல்களைப் பற்றி எச்சரித்துவிடுகிறேன். தலையைக் குனிந்து, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றதல்ல. இரண்டாவது வாசலிலேயே என் மனைவி, “என்னங்க, இதற்குள் ஒரு மனுஷன் மாதக்கணக்கில் எப்படி இருந்தான்?” என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்று மூச்சு வாங்கினாள். கூட்டம் சேர்ந்தால் புழுக்கமும் சேரும்.

எஞ்சின் அறைக்கு வந்ததும் நான் நகரவில்லை. மூன்று டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 2,000 குதிரைத் திறன். ரஷ்யாவின் கொலோம்னா தொழிற்சாலையில் செய்தவை. ரயில் எஞ்சின் செய்வதில் பேர்போன தொழிற்சாலை அது. ஒருவகையில் எங்கள் பங்காளி. டீசல் ஓடக் காற்று வேண்டும் என்பதால் மேலே மிதக்கும்போதோ, மூச்சுக்குழாயை நீருக்கு வெளியே நீட்டியோதான் இவை ஓடும். முழுகிவிட்டால் பேட்டரிதான். நாம் நடக்கும் தளத்துக்குக் கீழே பேட்டரிகளை அடைத்திருக்கிறார்கள். எனக்கு வேறு கவலை. எஞ்சின்களுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடம். எங்கள் ஷெட்டில் ஒரு சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற மேலே கிரேன், சுற்றிலும் நாலு பேர், நடுவில் ஒரு டீ. இங்கே எப்படி என்று வழிகாட்டியிடம் கேட்டேன். “கயிறு, கப்பி, அப்புறம் வசவு” என்றார். வரிசையில் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் பத்து நிமிடம் பேசினோம்.

வெளியே வந்தால் நேரே கடற்கரை. சாயங்காலம் ஊரே அங்கே நடக்க வருகிறது. முரி மிக்சர் வண்டிகள், மிளகாய் பஜ்ஜி, சோளம் சுடும் புகை. கப்பலை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கப்பலைத் தேடி யாரும் தனியாக வர வேண்டியதில்லை, கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குக் கப்பலைக் கொண்டுவந்துவிட்டார்கள். சாலையின் அந்தப் பக்கம் டியூ-142 என்ற கடற்படை ரோந்து விமானம். நம் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் இருந்து 2017 இல் ஓய்வு பெற்று இங்கே வந்து நிற்கிறது.

அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. குர்சுராவின் உறவுக்கார நீர்மூழ்கியான வாக்லி 2010 இல் ஓய்வு பெற்றபோது அதை மாமல்லபுரத்தில் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. சென்னைத் துறைமுகம் வரைக்கும் இழுத்தும் வந்தார்கள். மாமல்லபுரம் மணலை அது தொடவே இல்லை. மும்பையில் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் மிதந்தபடியே அருங்காட்சியகமாக இருந்து, 2012 இல் மூடப்பட்டு, 2014 இல் உடைக்கப்பட்டது. ஓய்வு பெற்ற கப்பலைத் தண்ணீரிலேயே விட்டால் அடிப்பாகத்தை உப்பு தின்றுகொண்டே இருக்கும், பராமரிப்புச் செலவும் வளர்ந்துகொண்டே போகும். கரையேற்றினாலும் உப்புக் காற்று விடாது. ஆனால் ஏணி வைத்துச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம்.

எங்கள் பணிமனையே நாகப்பட்டினத்தில் இருந்து 1920களில் இடம் மாறி வந்ததுதான். பொன்மலைக்கு அதனால் வாழ்வு வந்தது. நாகப்பட்டினத்துப் பெரியவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். குர்சுராவை இங்கே கொண்டுவந்ததால் இழந்தவர் யாரும் இல்லை.

திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு, திறந்தவுடனேயே போய்விடுங்கள். வழிகாட்டியோடு நின்று பேச அப்போதுதான் நேரம் கிடைக்கும். சேலையை விடச் சுடிதார் வசதி என்பது என் மனைவியின் குறிப்பு. அவள் சுவரில் உட்கார்ந்து முரி மிக்சரைக் காலி செய்துவிட்டு எதிரே இருந்த விமானத்தைப் பார்த்தாள். “அதற்குள்ளும் குனிந்துதான் போக வேண்டுமா?” என்று கேட்டாள். அதற்குள் நான் டிக்கெட் எடுக்கச் சாலையைக் கடந்துகொண்டிருந்தேன்.