எம்.சி. ரோடு மாடியில் ஞாயிறு காலைக் கதை வகுப்பு: போய் வந்தவளின் விமர்சனம்

சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்னக் குழு கூடுகிறது. தன்னைப் பற்றித் தானே மட்டமாகப் பேசிக்கொள்கிற பழக்கம் இருக்கிறதே, அதிலிருந்து வெளியே வருவதற்கான வகுப்பு இது. சொந்த வாழ்க்கையில் நடந்ததையே எடுத்து, விட்டுப்போனதையும் சேர்த்துத் திரும்பச் சொல்லிப் பழகுகிறோம். நடத்துபவர் மனநல ஆலோசகர், பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

எடுத்தவுடன் சொல்லிவிடுகிறேன்: நல்ல வகுப்பு, தாராளமாகப் போகலாம். ஞாயிற்றுக்கு 150 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்கு 50. கவுன்சிலிங் என்றால் அண்ணா நகருக்கோ அடையாறுக்கோ பஸ் ஏறிப் போய், ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம் கொடுக்க வேண்டும் என்றுதான் எங்கள் பக்கம் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். காசிமேட்டுக்காரி ஒருத்தி நடந்துபோகும் தூரத்தில், நான் பேசுகிற தமிழிலேயே இப்படி ஒன்று கிடைப்பது எனக்குப் பெரிய விஷயம்.

இதற்கு முன்னால், ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த தன்னம்பிக்கைப் பயிற்சிக்குக் காசு கட்டிப் போயிருந்தேன். மைக் பிடித்து ஒருவர் கத்த, நாங்களும் கத்தினோம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று 'நான் வெற்றியாளர், என்னால் எதுவும் முடியும்' என்று சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே பாரம்தான் ஏறியது. 'எதை ஜெயிச்ச நீ?' என்று உள்ளே இருந்து உடனே ஒரு கேள்வி வரும். பதில் இருக்காது.

அதை மேடத்திடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோன் வுட் என்ற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் 2009இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே குறைவாக நினைக்கிறவர்களிடம் 'நான் அன்புக்குத் தகுந்தவள்' மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால், அப்படிச் சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்ததாம். நம்பாத ஒன்றை வாய் சொன்னால், மனசு எதிர்சாட்சியைத் தேடிக் கொண்டுவந்து போடுகிறது. "பொய்யா ஒரு நல்ல வார்த்தை வேணாம். நடந்ததுல நீங்க விட்டுப்போட்டதை எடுத்துட்டு வாங்க, அது போதும்" என்றார் மேடம். எனக்கு அன்றைக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் வகுப்பில் ஒரு முழுத்தாளைக் கொடுத்து நெடுக்காக மடிக்கச் சொல்வார்கள். இடது பக்கம், உள்ளே ஓடுகிற அந்த வாக்கியத்தை, அது எந்தப் பாஷையில் ஓடுகிறதோ அதே பாஷையில் எழுத வேண்டும். நான் எழுதியது: 'நீ எதையும் முழுசா முடிக்க மாட்ட.' அதற்குக் கீழே ஒரு கேள்வி: இது யார் குரல்? யோசித்தால் அது என் குரலே இல்லை. என் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில், இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு பெரியப்பா சொன்னது. "பாதியில வுட்டுட்டு வந்தவதானே நீ." பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நான் நின்றதைத்தான் அப்படிச் சொன்னார். அதை நான்தான் சொல்கிறேன் என்று நினைத்து அத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன்.

அடுத்து, அந்த வாக்கியத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வார்கள். நான் 'அரைகுறை' என்று வைத்தேன். விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் பெரிய வேலை நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த மைக்கேல் வைட், நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டன் என்ற இரண்டு பேர் 1980களில் வளர்த்தெடுத்த முறை இது. கால்சட்டையிலேயே மலம் கழித்துவிடுகிற பிள்ளைகளைப் பற்றி வைட் 1984இல் எழுதிய கட்டுரை பேர் போனது. 'நீ ஏன் இப்படிப் பண்ற?' என்று பிள்ளையை நிறுத்திக் கேட்காமல், அந்தத் தொல்லைக்குத் தனியாக ஒரு கேலிப்பெயர் வைத்து, பிள்ளையும் அப்பா அம்மாவும் ஒரே பக்கம் நின்று அதை எப்படித் துரத்தலாம் என்று பேசவைத்திருக்கிறார். ஆள் பிரச்சினை இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை என்பது அவர்கள் சொன்னது. அரைகுறை என்று பெயர் வைத்த பிறகு, அது வருகிறபோது 'நான் உதவாதவ' என்று தோன்றுவதில்லை. 'வந்துடுச்சுப்பா அது' என்று தோன்றுகிறது. இந்த இடைவெளி சின்னதுதான். ஆனால் அங்கே நின்றுதான் மூச்சு விட முடிகிறது.

தாளின் வலது பக்கத்துக்குத்தான் வாரக்கணக்கில் நேரம் போகிறது. அந்த வாக்கியம் பொய்யாகிப்போன ஒரு சம்பவத்தை எழுத வேண்டும். எந்த வருஷம், எந்த இடம், கூட யார், கை என்ன செய்துகொண்டிருந்தது எல்லாம் வேண்டும். 'நான் தைரியசாலி' மாதிரி எழுதினால் மேடம் ஏற்றுக்கொள்ள மாட்டார். "எங்க, எப்போ?" என்பார்.

எனக்கு எதுவும் வரவில்லை. அப்போது மேடம் கேட்ட கேள்வியைத்தான் இந்த வகுப்பின் உயிர் என்று நினைக்கிறேன்: "படிப்பை விட்ட அந்த வருஷம், வேற எதைப் பிடிச்சீங்க?"

பிடித்தது அம்மாவின் மீன் கணக்கு. அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா விடியற்காலை காசிமேட்டு ஏலத்தில் சங்கராவும் நெத்திலியும் எடுத்து, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் கூடையில் விற்றுவிட்டு வருவார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. யார் எவ்வளவு பாக்கி என்று மனசில் வைத்துக்கொண்டு வருவதை ராத்திரி நான் நோட்டில் ஏற்றுவேன். வாங்குகிறவர்கள் பெயரும் அம்மாவுக்குத் தெரியாது. அதனால் 'பச்சை கேட்டு அக்கா 40', 'மாடி வீட்டு டீச்சர் 65', 'நாய் இருக்கிற வீடு 30', 'ரயில்வே கேட்டுத் தாத்தா, பென்ஷன் வந்ததும் தருவார்' என்றுதான் இருக்கும். அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள், இப்போது 61. தடைக்காலத்தில் வரவில் ஓட்டை விழும், வட்டிக்கு வாங்குவோம், அதற்கு ஒரு பக்கம் தனி. ஒரு தம்பி ஐ.டி.ஐ. முடித்தான், இன்னொருவன் பிளஸ் டூ முடித்தான். அந்த நோட்டில் ஒரு நாள் கணக்கைக்கூட நான் முடிக்காமல் விட்டுவைத்ததில்லை.

இதை வகுப்பில் படித்தபோது என் குரல் உடைந்துவிட்டது.

படித்து முடித்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். யாரும் பாராட்டக் கூடாது, யாரும் அட்வைஸ் பண்ணக் கூடாது. எந்த வார்த்தை தன்னைப் பிடித்து நிறுத்தியது, அது தனக்கு எதை ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான் சொல்லலாம். நம் ஊரில் வாயைத் திறந்தால் அட்வைஸ்தான் வரும், அதை அடக்கிக்கொள்ள எல்லோருக்கும் சில வாரம் பிடித்தது. பார்பரா மயர்ஹாஃப் என்ற மானிடவியலாளர் கலிஃபோர்னியாவில் யூத முதியவர்கள் கூடுகிற ஒரு மையத்தில் பழகி, தங்கள் கதையை அவர்கள் ஒருவர் முன்னால் ஒருவர் சொல்லிக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்று எழுதியிருக்கிறார். அங்கிருந்துதான் வைட் இதை எடுத்துக்கொண்டாராம். அன்றைக்கு ஒரு அக்கா 'பச்சை கேட்டு அக்கா' என்பதை மட்டும் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத எனக்கு உரிமை இல்லை, ரூமில் கேட்டது ரூமிலேயே இருக்க வேண்டும் என்பது கட்டாய விதி.

வியாசர்பாடித் தம்பி ஒருவர் மட்டும் 'என்னுதை எழுதிக்கோங்கக்கா' என்று சொன்னதால் அதைச் சொல்கிறேன். டிகிரி முடித்தவர். இன்டர்வியூவில் 'எங்க இருந்து வர்றீங்க?' என்று கேட்டு, 'வியாசர்பாடி' என்றதும் எதிரே இருப்பவர் முகம் ஒரு நொடி மாறுவதைப் பார்த்துப் பார்த்து, ரெஸ்யூமில் அண்ணா நகர் மாமா வீட்டு அட்ரஸ் போட ஆரம்பித்திருக்கிறார். அவர் தாளின் இடது பக்கத்தில் இருந்தது 'நம்மள எவனும் நம்ப மாட்டான்.' இது யார் குரல் என்ற கேள்விக்கு ஒரு பெரியப்பா பதில் ஆக மாட்டார். சினிமாவில் அரிவாள் என்றால் எங்கள் தெரு, செய்தியில் கஞ்சா என்றால் எங்கள் தெரு. வட சென்னையில் பிறந்தவர்களுக்கு மட்டமான சுயபேச்சில் பாதி வெளியே எழுதப்பட்டு உள்ளே வந்தது. அதை வெளிப்படையாகப் பேசுகிற ஒரு கவுன்சிலிங்கை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. இதற்காகவே இந்த வகுப்புக்கு முழு மார்க் கொடுப்பேன்.

அந்தத் தம்பி முதலில், புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமாவைத்தான் எழுதினார். ஆட்டோ ஓட்டுநர் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் அடித்தாரே, அவர். எல்லோரும் கைதட்டப் போனோம். மேடம் நிறுத்தினார். "அது காசிமாவோட கதை. எனக்கும் பெருமைதான். உங்க கதை எங்க?" அடுத்த வாரம் அவர் எழுதிக்கொண்டு வந்தது, 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கரண்ட் இல்லாமல் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றபோது, கீழ்வீட்டுப் பாட்டிக்கு இன்சுலின் வாங்க இடுப்பளவு தண்ணீரில் எத்தனை மருந்துக்கடை ஏறி இறங்கினார் என்பது. பாட்டி அவரை நம்பிக் காசும் சீட்டும் கொடுத்திருக்கிறார். 'எவனும் நம்ப மாட்டான்' என்பதற்குப் பக்கத்தில் அது இருக்கிறது. இப்போது ரெஸ்யூமில் வியாசர்பாடி அட்ரஸ்தான்.

குறைகளும் உண்டு. உதவிக்கு வருகிற கல்லூரி மாணவி ஒருவர் நல்ல பெண், ஆனால் எதையும் அவசரமாக நல்ல முடிவுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். அப்பா படுத்ததைப் பற்றி நான் சொன்னபோது, "அதனாலதானே அக்கா நீங்க இவ்வளவு ஸ்ட்ராங்கா ஆனீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கு இழுத்துக்கொண்டது நல்லதுக்கு இல்லை. அது நடந்திருக்கவே கூடாது. அது நடந்த வீட்டில் நான் என்ன செய்தேன் என்பதுதான் என் கதை. மேடம் உடனே குறுக்கிட்டுச் சரிசெய்தார். ஆனால் மேடம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இப்படி ஒரு வார்த்தை விழுந்தால், புதிதாக வந்தவர் மறுவாரம் வர மாட்டார். உதவிக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு குழுவில் உட்காரவைக்கலாம்.

கூட்டம் சேர்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம் போதவில்லை, கடைசியில் படிப்பவர்களுக்கு அவசர அவசரமாக முடிகிறது. கீழே கடைகளில் 'வாங்கக்கா, வாங்கம்மா' என்று ஸ்பீக்கர் போட்டுவிட்டால் மெதுவாகப் பேசுகிறவர் குரல் கேட்காது. எழுத வராதவர்கள் பயப்பட வேண்டாம், வாயால் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறார்கள்.

கடைசி வாரம் மேடம் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு கடிதம் எழுதித் தருவார். எப்ஸ்டன் தன்னிடம் வந்தவர்களுக்கு எழுதுவாராம், அந்த வழக்கம். எனக்கு வந்ததில் புகழ்ச்சியே இல்லை, ஒரு கேள்விதான்: 'செல்வி, அந்த நோட்டை இன்னிக்கு உங்க அம்மா கையில கொடுத்தா, இது பாதியில விட்ட பொண்ணு வெச்ச கணக்குன்னு சொல்லுவாங்களா?' அதை பீரோவில் அம்மா போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நான் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில்லிங் பார்க்கிறேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளி கேட்டபோதெல்லாம் ஒதுங்கிக்கொண்டிருந்தேன். இப்போது அது என் பொறுப்பு. மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற ரிட்டர்னைப் போட வேண்டும். 19ஆம் தேதி ராத்திரி அரைகுறை இன்னும் வருகிறது. வந்தால் என்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறேன்: 'செல்வி, பர்ச்சேஸ் பில் எல்லாம் ஏத்திட்டியா? சரி, அடுத்தது பாரு.' இதுவும் வகுப்பில் கற்றதுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல், பதற்றமான நேரத்தில் 'நான்' என்பதை விட்டுத் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசினால் நிதானம் கூடுவதாகக் கண்டிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தூக்கமே இல்லாமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்துப்போகலாமா என்ற எண்ணத்தோடு இருப்பவர்கள் இந்த வகுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மேடமே முதல் நாள் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, அப்படி இருப்பவர்களைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்புகிறார். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுகிறார்கள்.

தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். வண்டியில் போனால் எம்.சி. ரோட்டில் நிறுத்த இடம் கிடைக்காது. படி குறுகல், கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே இருந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆள் வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின ஞாயிறுகளில் ஜவுளிக் கூட்டத்தால் வகுப்பு கிடையாது, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.