மஃரிபு நேரத்து வகுப்பு: 220 வெள்ளிக்குத் தகுமா?

வேலை முடிந்த கையோடு சிங்கப்பூரின் பிராஸ் பாசா பக்கம் போய் இரண்டு மணி நேரம் சமூகவியல் கேட்பது எல்லாருக்கும் ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது. இன்றைய முஸ்லிம் சமுதாயங்களில் ஆண், பெண் நிலை பற்றி ஒரு சமூகவியல் பேராசிரியர் எடுக்கும் ஆறு வார மாலை வகுப்பு அது. கட்டணம் 220 வெள்ளி. அரசு பயிற்சிக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கழிக்க முடியாது, கைக்காசுதான். நிலையத்தின் பெயரையும் பேராசிரியரின் பெயரையும் நான் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், எதற்கு வம்பு.

நான் தாதி. நன்னா (தாத்தா) காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய குடும்பம். எங்கள் வீட்டில் மார்க்கம் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமே இல்லை. உஸ்தாத் இருக்கிறார், ஆலிமா இருக்கிறார், போதாததற்கு விடியற்காலையிலேயே வாட்ஸ்அப்பில் பயான் அனுப்பும் பெரியத்தாவும் இருக்கிறார். பெண் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று போய்ப் பார்த்து எழுதியவர்கள் யார், என்ன பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன்.

முதல் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு இரவு ஏழு மணிக்கு. சிங்கப்பூரில் வருடம் முழுக்க மஃரிபு, அதாவது சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை, ஏழு மணியை ஒட்டித்தான் வரும். முஸ்லிம் பெண்களைப் பற்றிய வகுப்பை மஃரிபு பாங்கு நேரத்தில் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. முதல் வாரம் நாங்கள் சிலர் நாற்காலி அடுக்கி வைத்திருந்த அறையில் தொழுதோம். முறையிட்ட பிறகு ஏழரைக்கு மாற்றினார்கள், ஆனால் முடிகிற நேரத்தை மாற்றவில்லை. அரை மணி நேரம் எங்கள் கணக்கில் போயிற்று.

அப்புறம் பாடம். தொடக்கம் மொரோக்கோவின் ஃபாத்திமா மெர்னிஸியிலிருந்து. 1940இல் ஃபெஸ் நகரில், பெண்கள் வாசல் தாண்டாத கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னால் ரபாத்தில் சமூகவியல் பேராசிரியரானார், 2015இல் காலமானார். வீட்டுக்குள் பெண், தெருவில் ஆண் என்று இடம் பிரித்து வைத்த ஒரு சமுதாயத்தில், பெண் படிக்கவும் வேலைக்கும் கிளம்பும்போது என்ன குழப்பம் வருகிறது என்பதுதான் அவருடைய ஆரம்பகால ஆராய்ச்சி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மொரோக்கோ ஒலிபரப்பில் நடந்த சமய ஆலோசனை நிகழ்ச்சிக்கு மக்கள் எழுதிய கடிதங்கள்! மாமியார் தொல்லை, பிடிக்காத சம்பந்தம், வேலைக்குப் போக விடாத கணவன். சட்டப் புத்தகத்தில் கிடைக்காத முஸ்லிம் குடும்பம் அந்தக் கடிதங்களில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆட்சியைப் பெண்ணிடம் ஒப்படைத்த கூட்டம் உருப்படாது என்று வரும் ஹதீஸை, அதாவது நபிமொழியை, மெர்னிஸி தோண்டிப் பார்த்த கதையும் வந்தது. அதை அறிவித்தவர் எந்தச் சூழ்நிலையில் நினைவுகூர்ந்தார், நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) படை நடத்திப் போய் ஒட்டகப் போரில் தோற்ற பிறகுதானே என்பது அவருடைய கேள்வி. மதரஸாவில் படித்த ஒரு மலாய்த் தங்கை சும்மா விடவில்லை. “ஹதீஸ் கலைக்கென்று முறை இருக்கிறது, சமூகவியல் படித்தவர் அதில் கை வைக்கலாமா?” என்று கேட்டாள். பேராசிரியர் கோபப்படாமல், அந்த ஹதீஸ் சரியா தவறா என்பது தன் துறை இல்லை, யார் எப்போது அதை எடுத்து நீட்டுகிறார்கள் என்பதுதான் தன் துறை என்றார். நழுவுகிற பதில்தான். ஆனாலும் அந்தத் தங்கை கடைசி வாரம் வரை வந்தாள், அதை வைத்து மார்க் போடுகிறேன்.

இந்த வகுப்பின் உச்சம் மூன்றாம் வாரம். ஈரானைச் சேர்ந்த ஸீபா மிர்-ஹுசைனி 1980களில் தெஹ்ரானிலும் மொரோக்கோவிலும் குடும்ப நீதிமன்றங்களில் உட்கார்ந்து வழக்குகளைக் கவனித்தவர். சட்டப்படி பார்த்தால் ஈரானில் தலாக் சொல்லும் உரிமை கணவன் கையில். ஆனால் கணவன் மனைவிக்குத் தருவதாக நிக்காஹ்வில் எழுதிய மஹர் பணம் பெரும்பாலும் கொடுபடாமல் கடனாக நிற்கும், மனைவி கேட்ட நேரத்தில் அவன் வைத்தாக வேண்டும். அதை வைத்துக்கொண்டு பெண்கள் நீதிமன்றத்தில் எப்படிக் காய் நகர்த்துகிறார்கள் என்பதை அவர் எழுதினார்.

பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டுப் போகாமல் எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார். கணவன் பக்கம் பேசியவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர். மனைவி பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் மலாய் அக்கா. தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு பெண் குழந்தை, கொடுபடாத மஹர், விலக விரும்பும் மனைவி. பொறியாளர் அலட்சியமாக, “நான் தலாக் தரமாட்டேன், என்ன செய்வாய்?” என்றார். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “தர வேண்டாம். மஹரை இப்போதே எண்ணி வை.” அவர் பேந்தப் பேந்த விழித்தார். பத்து நிமிடத்தில் மஹரில் பாதியை அக்கா விட்டுத்தந்தார், குழந்தையையும் விடுதலையையும் வாங்கிக்கொண்டார். வகுப்பே கைதட்டியது. பேராசிரியர் மட்டும், “அவளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுத்துத்தானே வாங்கினாள்?” என்று கேட்டதும் கைதட்டல் அடங்கிவிட்டது. இந்த ஒரு மாலைக்கே பாதிக் கட்டணம் சரியாய்ப் போயிற்று.

துடோங் என்னும் முக்காட்டுக்கு ஒன்றரை வாரம் ஒதுக்கியிருந்தது எனக்கு அதிகமாகப் பட்டது. முஸ்லிம் பெண் என்றாலே தலைத்துணியில் ஆரம்பிப்பது வெளியார் வழக்கம், சமூகவியலாளர்களுக்கும் அது தொற்றிவிட்டது போல. சொன்ன விஷயங்கள் நல்லவைதான். துருக்கியில் 1980களில் முக்காடு கேட்டுப் போராடியவர்கள் படிக்காத கிராமத்துப் பெண்கள் இல்லை, பல்கலைக்கழக மாணவிகள் என்று எடுத்துக்காட்டியவர் நிலுஃபர் கோலே. கெய்ரோ பள்ளிவாசல்களில் பெண்களே பெண்களுக்கு நடத்திய மார்க்க வகுப்புகளில் 1990களின் நடுவே போய் உட்கார்ந்தவர் சபா மஹ்மூத், அவர் மானுடவியலாளர். நாணம் உள்ளே இருப்பதால் முக்காடு போடுகிறோம் என்பதோடு நிற்காமல், முக்காடு போட்டுப் போட்டுத்தான் நாணத்தைப் பழக்குகிறோம் என்று அந்தப் பெண்கள் சொன்னதை அவர் அப்படியே மதித்து எழுதினார்.

எனக்கு இதில் பாதி சம்மதம். பொது மருத்துவமனைகளில் தாதியர் சீருடையோடு துடோங் அணியலாம் என்று 2021 நவம்பரில் விதி மாறியபோது நானும் அணிய ஆரம்பித்தேன். இறையச்சம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கூடவே அம்மாவின் பார்வை, பக்கத்து வீட்டு வாய், கண்ணாடியில் பார்க்க நன்றாக இருந்தது என்பதும் உண்டு. ஆராய்ச்சியில் ஒரு பெண்ணுக்கு ஒரு காரணம்தான் கொடுக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னேன், பேராசிரியர் குறித்துக்கொண்டார். குறித்ததை என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.

பெரிய மனத்தாங்கல் சமூகவியலாளர் டெனிஸ் கண்டியோட்டி பற்றிய பாடத்தில்தான். 1988இல் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. வட ஆப்பிரிக்காவிலிருந்து மத்தியக் கிழக்கு, தெற்காசியா வரை, புகுந்த வீட்டுக்கு வெறுங்கையோடு வரும் இளம் மருமகள் மாமியாருக்கு அடங்கி நடக்கிறாள். மகனைப் பெற்று வளர்த்து, நாளைக்குத் தானே மாமியாராகிறாள். அந்த நாள் வரும் என்ற நம்பிக்கையில்தான் இன்றைக்குப் பொறுக்கிறாள், அது ஒருவகைப் பேரம் என்கிறார். எங்கள் உறவில் இந்தப் பேரத்துக்கு நான் பத்துப் பேரைக் காட்டுவேன். ஆனால் தெற்காசியா என்று பேராசிரியர் ஒரே வீச்சில் சொன்னபோது கையைத் தூக்கினேன். தூத்துக்குடிப் பக்கத்துக் காயல்பட்டினத்தில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டில் இருக்கிறாள், மாப்பிள்ளைதான் வருகிறார். வீடு மகளுக்கே போகிறது. பெண்கள் நடக்கத் தனி முடுக்குகளே உண்டு. அதற்காக அங்கே சொர்க்கம் என்று இல்லை, மகளுக்கு வீடு கொடுத்தே தேய்ந்த தகப்பன்மார் கதை நிறைய. மற்ற ஊர்களில் கைக்கூலி (வரதட்சணை) வாங்கும் வழக்கம், புதுக்கோட்டையில் பெண்களே ஜமாஅத் அமைத்த ஷரீஃபா கானம், இப்படிப் பேச எவ்வளவோ இருக்கிறது. சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறக்குறைய 23 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். பாடத்திட்டத்தில் எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

சிங்கப்பூருக்குமே ஒரு சிலைடுதான். ஜூடித் ஜமூர் 1949, 50இல் இங்கேயே மலாய்க் குடும்பங்களை ஆராய்ந்தவர். பதிவாகும் திருமணங்கள் இரண்டுக்கு ஏறக்குறைய ஒரு மணவிலக்கும் பதிவான காலம் அது. 1958இல் ஷரியா நீதிமன்றம் வந்த பிறகு அந்த எண்ணிக்கை சரிந்தது. அந்த நீதிமன்றத்தைப் பற்றியே அவர் தனியாக ஒரு நூலும் எழுதினார், 1966இல் வெளிவந்தது. நாங்கள் எல்லாரும் நிக்காஹ் செய்வதும் பிரிவதும் அதே ஆண்டு நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின் கீழ்தான். தலாக், குலுக், ஃபஸக், தக்லிக் என்று மணவிலக்குக்கு எத்தனை வழி இருக்கிறது, யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசியிருந்தால் அந்த அறையில் ஒருவரும் கைபேசியைத் தொட்டிருக்க மாட்டார்கள். நேரம் இல்லை என்று பேராசிரியர் தாண்டிவிட்டார். அந்த அரை மணி நேரம் ஞாபகம் இருக்கிறதல்லவா?

மற்றபடி: குளிர்சாதனம் எலும்பை ஊடுருவும், சால்வை கொண்டுபோங்கள். படிக்கக் கொடுக்கும் கட்டுரைகள் ஆங்கிலத்தில், மங்கலான நகல், பல்கலைக்கழக நடை. பாதியைப் புரிந்துகொண்டால் போதும், மீதியை அவர் வகுப்பில் நன்றாகவே விளக்குகிறார். பிஸ்கட் தருகிறார்கள், ஹலால் முத்திரையைத் தேடிப் பார்த்தேன், இருந்தது.

ஃபத்வா தேடிப் போகிறவர்களுக்கு இது இடமில்லை. இஸ்லாம் பெண்ணை அடக்குகிறது என்றோ, எல்லா உரிமையும் கொடுத்தாகிவிட்டது என்றோ ஏற்கெனவே முடிவு கட்டியவர்களும் எரிச்சலோடு திரும்புவார்கள். மகளோ மகனோ கல்யாணத்துக்குத் தயாராக இருந்தால் மூன்றாம் வாரத்துக்கு மட்டுமாவது அனுப்பலாம், ஒரு நாள் கட்டணம் 45 வெள்ளி. ஐந்துக்கு நான் மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். கருத்துப் படிவத்தில் காயல்பட்டினத்துக்கு ஒரு வாரம், ஷரியா நீதிமன்றத்துக்கு ஒரு வாரம் கேட்டு எழுதியிருக்கிறேன். சேர்த்தால் இன்னொரு 220 வெள்ளி கட்டி மறுபடி சேருவேன், துடோங் வாரத்தில் மட்டும் வீட்டில் இருந்துகொள்வேன்.