கேடிஎம் 390 எண்டுரோ ஆர்: முன் ஃபோர்க்கை மலைப்பாதைக்குப் பழக்குவது எப்படி?

390 எண்டுரோ ஆரின் முன் ஃபோர்க் அருமையானது. ஆனால் ஷோரூம் செட்டிங்கிலேயே கல்லும் வேருமான பாதையில் ஓட்டினால் அந்த அருமை பாதிகூடத் தெரியாது. 43 மி.மீ. தடிமனுள்ள, டபிள்யூபி நிறுவனத்தின் அபெக்ஸ் ஃபோர்க். இடது ஃபோர்க்கில் கம்ப்ரெஷன் (ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), வலதில் ரீபவுண்ட் (அமுங்கியது மீண்டும் எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), ஸ்க்ரூவைத் திருகி மாற்ற தலா 30 கிளிக். 2025-இல் இந்தியாவுக்கு வந்தபோது முன் டிராவல் (ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரம்) 200 மி.மீ., வெளிநாட்டு மாடலில் 230. ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்பதை மாற்றும் ப்ரீலோட் அட்ஜஸ்டர் மட்டும் இல்லை. பெரிய குறை அதுதான்.

கிளிக்கைத் தொடுமுன் சாக் அளக்க வேண்டும், அதாவது ஆள் ஏறியதும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்பதை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சக்கர அச்சான ஆக்ஸிலிலிருந்து, தூசி புகாமல் தடுக்கும் டஸ்ட் சீல் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு ரைடிங் கியருடன் ஃபுட்பெக்கில் நின்று, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை ஃபோர்க்கை அமுக்கி மெல்ல எழவிட்டு, இன்னொருமுறை தூக்கி மெல்ல இறக்கி அளந்து சராசரி எடுத்தால், சீல் உராய்வால் வரும் பிழை போய்விடும். 200 மி.மீ. டிராவலுக்கு 50 முதல் 60 மி.மீ. சரி. 70-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பத்தவில்லை. ஃபோர்க்கைத் திறந்து, ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் ஸ்பேசர் துண்டை வைக்கவோ கனமான ஸ்பிரிங் மாற்றவோ வேண்டும். அந்தக் குறையைக் கம்ப்ரெஷனை இறுக்கி மறைத்தால் கைதான் வலிக்கும்.

அடுத்து ரீபவுண்ட். ஸ்க்ரூவை வலப்பக்கம் மெல்லத் திருகி, நிற்கும் வரை கிளிக்கை எண்ணி எழுதி வையுங்கள். முட்டிய பிறகு அழுத்தினால் ஊசி வால்வு கெட்டுவிடும். பழைய எண்ணுக்கே திரும்பி, ஒரே குட்டிப் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டிரண்டு கிளிக்காக மாற்றுங்கள். வரிசையாகக் கல் வரும் இடத்தில் முதல் கல்லை நன்றாக வாங்கி, நாலாவது கல்லில் முன்பக்கம் கட்டைபோல் இறுகினால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஃபோர்க் எழவே நேரமில்லாமல் போகிறது. இடப்பக்கம் திருகித் தளர்த்துங்கள். கல்லைத் தாண்டியதும் ஹேண்டில்பார் மேலே உதைத்தால் இறுக்குங்கள்.

கம்ப்ரெஷனுக்கு ஒரு கேபிள் டை போதும். கீழ்க்குழாயில் சுற்றி, சீலை ஒட்டித் தள்ளிவிட்டு ஓட்டுங்கள். பாதையின் மோசமான அடிக்குப் பிறகும் 50 மி.மீ. மிச்சமிருந்தால் தளர்த்துங்கள், 10-15 மிச்சமிருந்தால் விட்டுவிடுங்கள். சிறு கல்லிலேயே சக்கரம் பக்கவாட்டில் தெறித்தால் அதுவும் கம்ப்ரெஷன் அதிகம் என்பதற்கு அடையாளம். செங்குத்து இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் மூக்கு குத்தினால் இரண்டு கிளிக் இறுக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

எந்த செட்டிங்கிலும் ஃபோர்க் கரகரவென்று நகர்ந்தால் கிளிக்கைக் குறை சொல்லாமல் ஆக்ஸிலைப் பாருங்கள். பஞ்சர் பார்த்துவிட்டுச் சக்கரத்தை மாட்டும்போது ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முதலில் இறுக்கிவிடுகிறார்கள். இரண்டு ஃபோர்க்கும் இணையாக நிற்காமல், குழாய் வழுக்கி நகரும் புஷ்ஷில் உரசும். ஆக்ஸிலை இறுக்கி, பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாக விட்டு, பிரேக் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி, அதன்பிறகு போல்ட்டை முடுக்க வேண்டும். செலவில்லாத வேலை, பல பைக்குகளில் இதுவே பெரிய மாற்றம் தரும்.

டயர் காற்று முன்னால் 18-20 பிஎஸ்ஐ. உள்ளே டியூப் என்பதால், 15-க்குக் கீழே போனால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கி டியூப் கிழியும்.

சேற்றில் ஓட்டிய அன்றே டஸ்ட் சீலைக் கீழிறக்கித் துடையுங்கள். ஆயில் லேசாகக் கசிந்தால் உடனே சீல் மாற்றத் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சீலுக்குள் சுற்றி எடுத்தால் மணல் வெளியே வந்து, பெரும்பாலும் கசிவு நிற்கும்.

70-80 கிலோ எடைக்காரருக்கு இந்த ஃபோர்க் வேறு எதுவும் கேட்காது. 90-க்கு மேல் என்றால் பைக் வாங்கும்போதே ஸ்பிரிங்குக்கும் பணம் ஒதுக்குங்கள்.