ஏழாம் எண்ணில் இருந்த ஸ்பிரிங்: ஆறாண்டு ஓட்டிய 400 சிசி பைக்

ஜூன் 2019இல் சிங்கப்பூரில் வாங்கியது. ஜப்பான் தயாரிப்பு, 400 சிசி, இரட்டை சிலிண்டர். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். 2ஏ லைசென்ஸ் (400 சிசி வரை ஓட்டலாம்) வைத்திருப்பவர்களுக்கு எந்த மாதிரி வண்டி என்று புரிந்துவிடும். இன்றைக்கு மீட்டரில் 61,300 கி.மீ. அதில் 6,140 கி.மீ. ஒரே பயணத்தில், 23 நாளில் ஓடியது.

அதற்கு முன்பு 150 சிசி வைத்திருந்தேன். மனைவியை ஏற்றிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வருவதுதான் எங்கள் சவாரி. பெரிய வண்டி எடுத்தால் தாய்லாந்தின் வடக்கே மே ஹோங் சோன் வரை போகணும் என்று சொன்னவள் அவள்தான். "ரெண்டு பேர், மூணு பெட்டி" என்று கடையில் சொன்னதும் மெக்கானிக் பின் சாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை ஏழாம் எண்ணில் இறுக்கிக் கொடுத்தார். ஒன்பது வரை உண்டு, எண் ஏற ஏற இறுக்கம்.

மலேசியாவில் மலாக்கா ஒரு தடவை, கூக்கூப் இரண்டு தடவை. அவ்வளவுதான். மார்ச் 2020இல் எல்லை மூடியது. அந்த ஆண்டு கடைசியில் அவளுக்குச் சூலகப் புற்றுநோய் என்றார்கள். பிப்ரவரி 2022இல் போய்விட்டாள். ஏப்ரல் 1 அன்று தரை எல்லை திறந்தது. உட்லண்ட்ஸில் பைக்குகள் பாலத்தைத் தாண்டுவதைச் செய்தியில் காட்டினார்கள். டிவியை அணைத்துவிட்டேன்.

"வித்துடுங்க மச்சான், சிஓஇ இன்னும் ஆறரை வருஷம் இருக்கு" என்றார் அவள் தம்பி. சிஓஇ என்பது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமம். தப்பான யோசனை இல்லை. அந்த ஆண்டு கடைசியில் பைக் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. விற்பதற்காகத்தான் செத்துப்போன பேட்டரியை மாற்றினேன். அப்புறம் விற்கவில்லை. ஜனவரி 2023இல் கிளம்பிவிட்டேன். மார்ச்சில் வட தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம் வயல் எரிக்கும் புகை மண்டும், போவதென்றால் ஜனவரிதான் சரி.

மலேசிய நெடுஞ்சாலையில் பைக்குக்கு டோல் கிடையாது. சிங்கப்பூர் நம்பருக்கு அங்கே மானிய விலை ரோன்95 பெட்ரோல் ஊற்ற முடியாது, ரோன்97தான். லிட்டருக்கு 27 கி.மீ. கொடுத்தது, ஒரு டாங்க்கில் 400 கி.மீ. தாராளமாக ஓடும். இன்ஜினைப் பற்றி ஒரு குறையும் இல்லை. இருக்கை மட்டும் பலகை. ஈப்போ தாண்டுவதற்குள் நாலு தடவை இறங்கி நின்றேன். செயினுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணெய் போட்டேன். மழை நாளில் அன்றன்றே. தென் தாய்லாந்தின் சும்போன் அருகே கொட்டிய மழையில் என் மழைக்கால்சட்டை தையலில் ஒழுகியது. வலது பெட்டியின் அடியில் அவளுடைய மழைக்கோட்டு 2019இல் மடித்து வைத்தபடியே இருந்தது. மடியில் விரித்துக்கொண்டு ஓட்டினேன்.

இன்னொரு தொல்லையைக் குறை என்றே நான் கண்டுகொள்ளவில்லை. மேடு பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளும், வளைவில் கொஞ்சம் விலகும். முதுகு வலித்தது, 58 வயது என்று விட்டுவிட்டேன்.

சியாங் மாயில் செயினைப் பார்க்கச் சொல்லி ஒரு சின்னப் பட்டறையில் நிறுத்தினேன். மெக்கானிக் பையன் செயினைத் தொடவே இல்லை. இரண்டு கையாலும் இருக்கையை அமுக்கினான். வண்டி இறங்கவில்லை. குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டி, "சோங் கோன்?" என்றான். இரண்டு பேரா என்று அர்த்தம். பின்பெட்டியில் அவளுக்காகப் பொருத்திய முதுகுச் சாய்மானம் இருந்தது. அதைப் பார்த்திருப்பான் போல, தெருப் பக்கம் ஆள் வருகிறதா என்றும் எட்டிப் பார்த்தான். நான் ஒரு விரலைக் காட்டினேன்.

கொக்கி ஸ்பானரை மாட்டித் திருப்பினான். டக், டக், டக், டக். ஏழிலிருந்து மூன்று. காசு வாங்கவில்லை.

மே ஹோங் சோன் சுற்றில் 1,864 வளைவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். நான் எண்ணவில்லை. வண்டி வேறு வண்டி மாதிரி ஓடியது. சக்கரம் ரோட்டை விடவே இல்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஓட்டுவது சந்தோஷமாக இருந்தது, அப்படி இருந்ததற்காக எனக்கே என்மேல் கோபமும் வந்தது. பாய் என்ற ஊருக்கு முன்னால் ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தனியாக ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து அந்த எண்ணைப் பாருங்கள். பெட்டிகளோடு மூன்று, வெறும் வண்டிக்கு இரண்டு. என் 68 கிலோவுக்கு இதுதான் சரி. இருக்கைக்கு ஜெல் மெத்தை போட்டேன், பரவாயில்லை. செயின் இரண்டு தடவை மாற்றியாயிற்று. சிஓஇ ஜூன் 2029 வரை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரோடு பின் கால்மிதி ரப்பரையும் பாருங்கள், எவ்வளவு தூரம் ஆள் ஏற்றி ஓடியது என்று தெரியும். என் வண்டியில் வலது ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது. நான் கொஞ்சம் வேகமாகப் போனால் அவளும் பின்னால் உட்கார்ந்து பிரேக் மிதிப்பாள்.