ஜார்ஜ் டவுனில் உணவு நடைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவின் பினாங்கு போகிறவர்கள், அதிலும் வீட்டில் சைவம் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஜார்ஜ் டவுன் பழைய நகரத்துக்குள் நடந்துகொண்டே சாப்பிடலாம் என்று இணையத்தில் விற்கிற நாலு மணி நேரச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 220 ரிங்கிட், நாலு பேருக்கு 880 ரிங்கிட் கட்டினோம். கிடைத்தது அரை வயிறு சாப்பாடு, என் மாமியாருக்கு ஒரு பெரிய மனவருத்தம், கடைசியில் எங்கள் தலையில் தனியாக ஒரு பில். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைச் சொன்னாலும் பெரிய பயன் இருக்காது, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: எட்டு இடங்கள், பத்துக்கு மேற்பட்ட பதார்த்தங்கள், உரிமம் பெற்ற வழிகாட்டி, குழுவில் அதிகபட்சம் எட்டு பேர், சைவ உணவுக்கு ஏற்பாடு உண்டு. பதிவு செய்யும்போதே குறிப்புப் பெட்டியில், ஒருவர் சுத்த சைவம், மீன், இறால், முட்டை எதுவும் ஆகாது என்று எழுதினேன். ‘பிரச்சினையே இல்லை, பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன், இப்போது அதுதான் கைகொடுக்கிறது.

புறப்படும் நேரம் மதியம் இரண்டு மணி. ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக்காக நடப்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. வெயிலை விடுங்கள், காலைக் கடைகள் பலவும் அதற்குள் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடும், கிம்பர்லி தெரு, சூலியா தெரு பக்கம் பேர்போன தள்ளுவண்டிகள் சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போதுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். நடுவில் இருக்கிற இந்த வெற்று நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பெட்டி பெட்டியாகப் பலகாரம் விற்கிற, ஏசி போட்ட, சுற்றுலாப் பயணிகளுக்கான கடைதான். அந்த நேரத்தை ஏன் வைத்தார்கள் என்று முதல் ஒரு மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது.

வழிகாட்டிப் பையன் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தான். கழுத்தில் அட்டை இல்லை. கேட்டதற்கு, வண்டியில் இருக்கிறது என்றான். மலேசியாவில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்ட வேண்டுமானால் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும், வேலை நேரத்தில் அந்த அட்டையைத் தெரியும்படி போட்டிருக்கவும் வேண்டும். எட்டு பேர் என்றவர்கள் மூன்று வெவ்வேறு தளங்களில் பதிவு செய்தவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதினேழு பேரை நிறுத்தினார்கள். பதினேழு பேர் ஜார்ஜ் டவுனின் கடைவாசல் நடைபாதையில், அதுவும் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்க, வரிசையாகப் போனால் பின்னால் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை காதில் விழாது. நாங்கள் பின்னால்தான், அத்தைக்கு முழங்கால் வலி.

முதல் இடம் பிஸ்கட் கடை. உள்ளே பாசிப்பருப்புப் பூரணம் வைத்த தாவ் சார் பியா, உண்மையிலேயே பினாங்கின் நல்ல பலகாரம்தான், ஆனால் ஒன்றை நாலாக வெட்டித் தட்டில் வைத்து ஆளுக்கு ஒரு துண்டு. இரண்டாவது, வெள்ளைக் காபிப் பொடி விற்கிற கடை, மருந்து குடிக்கிற அளவு காகிதக் கோப்பையில். மூன்றாவது ஜாதிக்காய்க் கடை, ஊறுகாய் ஒரு கீற்று, சாறு ஒரு மடக்கு. நாலாவது டுரியான் சாக்லேட். எல்லாம் கடைக்குள் போகிற யாருக்கும் இலவசமாகத் தருகிற மாதிரித் துண்டுகள். எட்டு இடத்தில் நாலு இப்படியே கணக்கில் போய்விட்டது. ஒவ்வொரு கடையிலும் இருபது நிமிடம் நிற்கவிட்டான், கல்லாவில் இருந்தவர் எங்கள் தலைகளை எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் ஆர்மீனியன் தெருவில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் படம் எடுக்க அரை மணி நேரம். அப்புறம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், ‘பழைய மசூதி, போட்டோ எடுத்துக்கோங்க’, அவ்வளவுதான். 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், காதர் மொய்தீன் என்கிற தலைவரின் கீழ் எழுப்பிய பள்ளிவாசல் அது. அதே சாலையில் சீனர்களின் கருணை தேவி கோயிலும், சாலை முனையில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும், ஒரு தெரு தள்ளி 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்ததற்கு இப்படி எல்லாரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததும் ஒரு காரணம். சாப்பாடும் அப்படித்தானே கலந்து உருவானது! இதைச் சொல்லாமல் என்ன உணவு நடை? நாசி கண்டாரை வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுவந்தது என்று ஒரு புதுக் கதை வேறு விட்டான். தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகப் போய் விற்ற தமிழ் முஸ்லிம்கள் கொடுத்த சாப்பாடு அது.

ஐந்தாவதாகச் செண்டோல். பச்சை மாவு நூல், தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, ஐஸ், சிவப்பு ராஜ்மா. நன்றாகத்தான் இருந்தது, இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம். எல்லாரும் கொஞ்சம் குளிர்ந்திருந்த அந்த நேரம் பார்த்து, இங்கேயே ஐந்து நட்சத்திரம் போட்டு மதிப்புரை எழுதினால் ஒரு பானம் இலவசம் என்றான். பாதிப் பேர் எழுதியும் விட்டார்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கிற ஐநூறு, ஆயிரம் நல்ல மதிப்புரைகளில் எத்தனை செண்டோல் கிண்ணத்தோடு எழுதியவை என்று யோசித்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் குறைவாக உள்ள மதிப்புரைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்தால் உண்மை தெரியும்.

ஆறாவது சார் குவே தியாவ் என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ், பதினேழு பேருக்கு மூன்று தட்டு. குழுவில் சுரபாயாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் தம்பதி, இது ஹலாலா என்று கேட்டார்கள். பன்றிக்கறி இல்லை என்றான். கறி இல்லைதான், ஆனால் சீனக் கடைகளில் பழைய முறைப்படி அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். அந்த அம்மா நேராகக் கடைக்காரரிடமே போய் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்து கணவரின் கையிலிருந்த முள்கரண்டியை வாங்கி வைத்தார். அங்கேயே நான் உஷாராகி, அத்தைக்கு என்ன தருகிறாய் என்று இவனைப் பிடித்தேன். அடுத்தது பழம்தான், முழுக்கப் பழம், கவலையே வேண்டாம் என்றான்.

அந்தப் பழம்தான் ரோஜாக், அதே நிறுத்தத்தில் பக்கத்துக் கடையில். மாங்காய், கொய்யா, அன்னாசி, வெள்ளரி, நீர்ச்சத்துள்ள ஒரு வெள்ளைக் கிழங்கு, எல்லாவற்றையும் வெட்டி, மேலே கறுப்பாக, பளபளவென்று ஒரு கூழ் ஊற்றி, வேர்க்கடலைப் பொடி தூவித் தருவார்கள். அத்தை நாலைந்து துண்டு சாப்பிட்டுவிட்டு, புளியும் வெல்லமும் மாதிரி இருக்கே, ஆனா ஏதோ ஒரு வாடை என்றார். நான் வாங்கி முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. கடைக்கார அம்மாவிடம் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே ‘ஊடாங்’ என்றார். இறால். அந்தக் கறுப்புக் கூழே இறால் விழுது.

அத்தைக்கு எழுபது வயது, பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. சத்தம் போடுகிற ஆள் இல்லை. ‘பரவாயில்லம்மா, வாயை மட்டும் கொப்பளிச்சுக்கறேன்’ என்று ஓரமாகப் போனார். அதற்குப் பிறகு அன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் நீட்டிய எதையும் வாங்கவில்லை. இவன் என்ன சொன்னான் தெரியுமா? கொஞ்சம் சாஸ்தானே மேடம், மீன் துண்டு எதுவும் இல்லையே. என் கணவர் கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம், அன்றைக்குப் பார்த்தேன்.

ஏழாவதாக நாசி கண்டார் கடை. அங்கே அத்தைக்குக் காய்கறியும் குழம்பும் ஊற்றச் சொல்கிறேன் என்று மறுபடியும் ஆரம்பித்தான். கரண்டி பிடித்திருந்த பாய் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே, ‘அம்மா சைவமா? அப்போ இங்க சோறும் அப்பளமும்தான் சரிப்படும். குழம்பெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கலந்து ஊத்துறது, வெண்டைக்காயே மீன் குழம்புலதான் கெடக்குது’ என்றார். லிட்டில் இந்தியாவில் சைவக் கடை எங்கே என்று வழியும் சொன்னார். 880 ரிங்கிட் வாங்கியவன் சொல்லாததை, ஒரு ரிங்கிட்கூட வாங்காதவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

எட்டாவது இடத்தைத்தான் பலரும் கவனிக்க வேண்டும். பசெம்பூர். மாவில் பொரித்த இறால், கணவாய், நண்டு, தாவ்ஹூ என்கிற சோயாக் கட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். நாம் எடுத்துப் போட, அதை வெட்டிக் கலந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் சேர்ந்த குழம்பை ஊற்றித் தருவார்கள். விலை தட்டுக்கு இல்லை, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி, வெட்டியபிறகு திருப்பித் தர முடியாது. வழிகாட்டி தானே தட்டை எடுத்து, பெரிய இறாலும் கணவாயுமாகப் பொறுக்கிப் போட்டான். சுற்றுலாக் கணக்கு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பது? பில் வந்தபோது, இது கட்டணத்தில் சேராது, விருப்பத் தேர்வு என்றான். எங்கள் மேஜைக்கு மட்டும் 74 ரிங்கிட். சண்டை போட்டு 50 கொடுத்தோம். பினாங்கில் யாரோடு போனாலும், தனியாகப் போனாலும், பசெம்பூரில் கத்தி படுவதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். நாசி கண்டார் கடையிலும் அப்படியே, மீன் சினை, பெரிய இறால், கணவாய் வைத்தால் விலை எங்கோ போய்விடும்.

நாங்கள் சாப்பிட்டதை விலைக்கு வாங்கியிருந்தால் ஆளுக்கு 40 ரிங்கிட்கூட ஆகியிருக்காது. வழிகாட்டிக்கும் ஏற்பாட்டுக்கும் கூலி வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல வழிகாட்டிக்கு அதற்கு மேலும் கொடுக்கலாம். இங்கே அந்த வேலையே நடக்கவில்லை.

சைவக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம். அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸின் சாறே மீன், மேலே அதே இறால் விழுது வேறு. பினாங்கு ஹொக்கியன் மீ என்கிற நூடுல்ஸுக்கு இறால் ஓட்டை வேகவைத்த சாறு. சம்பல் என்கிற மிளகாய் விழுதில் பெரும்பாலும் பெலாச்சான், அதாவது புளிக்கவைத்த இறால் கட்டி, இருக்கும், கீரை வதக்கலிலும் இருக்கும். நம்ம பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்குப் பருப்பு கேட்டாலும் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி மீன் குழம்பைச் சேர்த்து ஊற்றுவார்கள், பருப்பு மட்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். ‘காய்கறி இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘இறால் விழுது, மீன் சாறு, பன்றிக் கொழுப்பு இருக்கிறதா’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பயமாக இருந்தால் சீனர்களின் சைவக் கடைகளும் லிட்டில் இந்தியாவின் சைவ வாழையிலைக் கடைகளும் இருக்கின்றன. அன்று ராத்திரி அத்தை அங்கேதான் சாப்பிட்டார்.

பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தெந்தக் கடை, எத்தனை மணிக்கு, அங்கே ஆளுக்கு முழுத் தட்டா, பங்கா, பரிசுப்பொருள் கடைகளை உணவு நிறுத்தமாக எண்ணுகிறீர்களா, கடைசிச் சாப்பாடு கட்டணத்தில் உண்டா, வழிகாட்டியின் உரிம எண் என்ன. கடைப் பெயர் ரகசியம், போய்த்தான் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். உரிமம் பெற்றவரா என்பதை மலேசியச் சுற்றுலா அமைச்சகத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாங்கள் புகார் கொடுத்த பிறகு அந்த விளம்பரப் பக்கத்திலிருந்து ‘சைவ ஏற்பாடு’ என்ற வரியும் ‘எட்டு பேர்’ என்ற வரியும் காணாமல் போய்விட்டன.

பதிவுத் தளம் முதலில், நீங்கள் சுற்றுலாவை முழுதாக முடித்துவிட்டதால் பணம் திரும்பாது என்றது. படங்களை அனுப்பியதும் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்று இறங்கி வந்தது. கூப்பனை வாங்கிக்கொண்டால் புகார் முடிந்ததாகக் கணக்கு, அதனால் வாங்கவில்லை. கடன் அட்டை கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டிருக்கிறோம். இதற்குக் காலக்கெடு உண்டு, ஊர் திரும்பிய உடனே எழுதிவிடுங்கள். மலேசியாவிலேயே இருப்பவர்களுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல், 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம்.

அந்த நடை இப்போது வேறு தலைப்பில், வேறு படங்களோடு விற்பனையில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிப் புறப்பாடு, எட்டு நிறுத்தம், முதல் நிறுத்தம் பிஸ்கட் கடை என்று எங்கேயாவது பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.